டொக்டர் கிறீனும் மானிப்பாயின் தமிழ் மருத்துவமும்

உயர்தர வகுப்பில் உயிரியலைத் தமிழில் படிப்பவர்கள் நாங்கள். சதையி, சிறுநீரகம், உடற்றொழிலியல் என்று சொற்களை மனனம் செய்கிறோம். இறைவன் நாடி மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் அங்கே எல்லாமே ஆங்கிலம். பிறகு எதற்காக இந்தத் தமிழ்ச் சொற்களோடு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்ற கேள்வி எங்கள் வகுப்பில் அடிக்கடி எழும். தமிழ்மொழித் தினத்துக்குக் கட்டுரை எழுதுவதற்காக எங்கள் தமிழ் ஆசிரியை எனக்குத் தந்த தலைப்பு, அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னரே ஒரு பதில் சொன்ன மனிதரைப் பற்றியது. போட்டி முடிந்துவிட்டது. அவரைப் பற்றித் தேடிப் படிப்பது மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. தோழியரும் பெற்றோரும் அவரை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்னும் ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம். அவருடைய சகோதரர் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க் நகரத்தின் பெரிய பூங்காவை அமைத்ததிலும் அந்த நகரத்தை விரிவாக்கியதிலும் பெயர் பெற்றவர். தம்பி நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அமெரிக்க மிஷனில் சேர்ந்து 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவர் வந்தது கிறிஸ்தவ மதத்தைப் பரப்பும் நோக்கத்தோடுதான். அதை மறைப்பதில் நியாயமில்லை. அவரும் அதை ஒருநாளும் மறைத்தவரல்லர். எங்களைப் போன்ற வேறு மார்க்கத்தவர் அவருடைய அந்த நோக்கத்தோடு உடன்படப் போவதில்லை. ஆனாலும் நோயாளி விடயத்தில் அவர் நடந்துகொண்ட முறையில் யாரும் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவம் அவரோடு தொடங்கியதல்ல. 1819இல் இலங்கை வந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிலும் பிறகு மானிப்பாயிலும் தங்கி வைத்தியம் செய்தார். வந்த மறுவருடமே, அதாவது 1848இல், ஒரு சில இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். கொழும்பு மருத்துவக் கல்லூரி ஆரம்பித்தது 1870இல். மானிப்பாய் அதற்கு இருபத்திரண்டு வருடம் முந்தியது என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆரம்பத்தில் அவர் படிப்பித்தது ஆங்கிலத்தில். மாணவர்கள் மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற கெட்டிக்காரர்கள். பலருக்கு அமெரிக்கப் பெயர்கள் இருந்தன. பாடசாலைச் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது அந்தக் கால வழக்கம். அதனால்தான் மானிப்பாய் மருத்துவ வரலாற்றில் டன்வர்த், சப்மன், போல் என்ற பெயர்களைக் காண்கிறோம். வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்.

படித்து முடித்ததும் அவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போனார்கள். ஆங்கிலம் படித்த வைத்தியருக்கு எங்கும் வேலை இருந்தது. மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் அப்பால் இருந்த கிராமங்களில் நோயாளி பழைய நோயாளியாகவே இருந்தான். உடையும் நடையும் மாறி, சொந்தச் சனத்தோடு ஒட்டாமல் போகும் படிப்பு கிறீனுக்குப் பிடிக்கவில்லை. தம்முடைய மாணவர்கள் ஊர் உடையிலேயே இருக்க வேண்டும், ஊர்ச் சனத்தில் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இப்படி விரும்பியதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் காலத்தில் நம்மவர்கள் பலர் இதற்கு நேர்மாறாக விரும்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே 1864ஆம் ஆண்டளவில் அவர் ஒரு பெரிய முடிவை எடுத்தார். இனிமேல் மருத்துவம் தமிழில்தான் படிப்பிக்கப்படும். அதற்குப் புத்தகம்? இல்லை. சொல்? அதுவும் பாதிக்கு மேல் இல்லை.

இந்த வேலைக்கான அடித்தளத்தை அவர் அதற்கு முன்னரே போட்டு வைத்திருந்தார். ஊருக்கு வந்ததும் தமிழைக் கற்றுக்கொண்டார். 1850களிலேயே கல்வின் கட்டர் என்பவரின் உடலமைப்பு நூலைத் தமிழாக்கியிருந்தார். அதன் பெயர் சற்று நீளமானது: அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் சிரிப்பு எழுந்தது உண்மை. ஆனால் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவியர் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். தலையில் தொடங்கிப் பாதம் வரை பாடுவதைக் கேசாதிபாதம் என்றும், பாதத்தில் தொடங்கித் தலை வரை பாடுவதைப் பாதாதிகேசம் என்றும் படித்திருக்கிறோம். அங்காதிபாதம் என்று உடற்கூற்றியலுக்குப் பெயர் வைத்தால், அந்தப் பாடல்களைக் கேட்டுப் பழகிய ஒருவனுக்குப் புத்தகத்தைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு விளங்கிவிடும். இன்று நாங்கள் சொல்லும் உடற்கூற்றியல் தெளிவான சொல்தான். அங்காதிபாதத்தில் ஓர் ஓசை இருக்கிறது.

1857இல் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. அது மோன்செல் என்பவரின் நூலைத் தழுவியது. 1867இல் இரண வைத்தியம். 1872இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்ற இரு பெரிய நூல்கள். மனுஷ அங்காதிபாதம் எதன் தமிழாக்கம் தெரியுமா? இன்றும் மருத்துவ மாணவர்கள் கையில் வைத்திருக்கும் கிறேயின் உடற்கூற்றியல் நூலின் தமிழாக்கம். லண்டனில் அந்த நூல் முதன்முதலில் வெளிவந்தது 1858இல். பதினான்கு வருடத்தில் அது தமிழில் அச்சாகிவிட்டது. 1875இல் இரசாயனவியலுக்கு கெமிஸ்தம் என்ற நூல். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

இவை அனைத்தையும் அவர் தனியே செய்துவிடவில்லை. மேலே சொன்ன டன்வர்த், சப்மன், போல் போன்ற மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள். அவர் பார்த்துத் திருத்தினார். முதலில் ஊர் வழக்கில் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது, கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடுவது, அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்ப எழுதுவது என்பது அவர்களுடைய வழி. கெமிஸ்தம் அந்த மூன்றாவது வழியில் வந்த சொல். அது நிலைக்கவில்லை. வடமொழி கலந்த சொற்கள் பலவும் இன்று வழக்கில் இல்லை. ஆனால் பிரசவம் இருக்கிறது. இரணம் இருக்கிறது, என் உம்மம்மா காலில் ஏற்படும் காயத்தை இன்றைக்கும் ரணம் என்றுதான் சொல்கிறார். சனங்களின் வாயில் ஏற்கனவே இருந்த சொற்கள் வாழ்ந்திருக்கின்றன, புத்தகத்துக்காக உண்டாக்கியவை பெரும்பாலும் போய்விட்டன.

இந்த இடத்தில் உம்மம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மானிப்பாய் என்ற பெயர் எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்த நாள்முதல் இருக்கிறது. உம்மம்மா யாழ்ப்பாணம் சோனக தெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கைப்பிள்ளையோடு புத்தளம் வந்து சேர்ந்தவர். மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்முடைய பாஷையில் கதைத்து மருந்து தருவார்கள் என்று பழைய கதை சொல்லும்போது சொல்வார். அந்த ஆஸ்பத்திரிதான் கிறீன் நினைவாகப் பெயர் வைக்கப்பட்டது என்பது எனக்குக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது. உம்மம்மாவுக்கு அந்தப் பெயர் முக்கியமில்லை. பாஷைதான் நினைவில் நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. உம்மம்மாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். மாதந்தோறும் கிளினிக் கொப்பியோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவார். சந்தையில் மீன் வாங்கவும் பஸ்ஸில் ரிக்கட் எடுக்கவும் அவருக்குச் சிங்களம் போதும். வருத்தத்தைச் சொல்வதற்கு அது போதாது. டொக்டருக்குத் தமிழ் தெரியாது. நூற்றுக்கு மேல் நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். டொக்டர் விளக்கினார், உம்மம்மா தலையாட்டினார். துண்டில் காலையும் இரவும் குளிசை என்று இருந்தது. அது நோன்பு மாதம். நோன்பு பிடிக்கிறீர்களா என்று டொக்டர் கேட்கவில்லை. கேட்காததை உம்மம்மா சொல்லவும் இல்லை. சொன்னால் நோன்பை விடச் சொல்வார் என்ற பயம் வேறு. காலைக் குளிசையை ஸஹரில் போட்டுக்கொண்டார். அஸர் நேரத்துக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிப் படுத்துவிட்டார். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. சீனித் தண்ணீர் பருக்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அல்லாஹ்வின் கிருபையால் தப்பினார்.

அன்றிரவு வார்ட்டில் தமிழ் தெரிந்த ஒரு தாதி வந்து உட்கார்ந்து, எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எப்போது குளிசை போட்டீர்கள் என்று கேட்டார். எல்லாம் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. நோன்பு நாளில் சாப்பாட்டின் நேரமும் அளவும் தலைகீழாகிவிடுகின்றன. ஆகவே குளிசையின் நேரமும் அளவும் மாற வேண்டும். ஸஹரில் குறைத்து, நோன்பு திறந்த பின் கூடுதலாக எடுக்கும்படி வைத்தியர்கள் மாற்றிக் கொடுப்பார்கள். சிலருக்கு நோன்பே கூடாது என்றும் சொல்வார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கத்தான் செய்கிறது. நோன்பு மாதம் தொடங்கு முன்னரே டொக்டரிடம் இதைக் கதைக்க வேண்டும் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். டொக்டரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் தந்த மருந்து சரியான மருந்து. அது உம்மம்மாவிடம் வந்து சேர்ந்தது. அதோடு வந்திருக்க வேண்டிய பேச்சு வந்து சேரவில்லை.

கிறீனின் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்தச் சம்பவம் என் மனதில் வந்துகொண்டே இருந்தது. அவருடைய காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனங்கள் பரியாரியிடம் போனார்கள். பரியாரி வாதம், பித்தம், சிலேற்பனம் என்று சொன்னால் எந்தக் கிழவிக்கும் விளங்கும். பத்தியம் என்ன, எதை விலக்க வேண்டும் என்று வீட்டாருக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அவர் போவார். இங்கிலிஷ் மருந்துக்கு அந்தப் பேச்சு இல்லை. மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைச் சொல்லிக் கொடுக்க ஊர் வாய் இல்லாவிட்டால் நோயாளி பாதியில் விட்டுவிடுவான். பரியாரியின் சிகிச்சையைக் கிறீன் பல இடங்களில் ஏற்கவில்லை. ஆனால் பரியாரியைப் போல ஊரோடு கதைக்கத் தெரிந்த வைத்தியரைத்தான் அவர் உருவாக்கப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1866, 1867 வருடங்களில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் கொலராவும் ஒன்றாக வந்தபோது, கிராமத்தில் இருந்து சனத்தின் மொழியில் கதைக்கக்கூடிய வைத்தியர்களின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெண்கள் விடயம் இன்னும் கடினமானது. பிரசவ வைத்தியம் என்ற நூல் வெளிவந்த காலத்தில், பிரசவம் என்பது மருத்துவிச்சியின் கையில் இருந்த காரியம். ஆண் வைத்தியரை, அதுவும் வெள்ளைக்காரரை, எந்த வீட்டில் இலகுவில் உள்ளே விடுவார்கள்? பெண்கள் பெண்ணிடம்தான் வாய் திறப்பார்கள். கிறீனின் மாணவர்கள் அனைவரும் ஆண்கள். அவருடைய திட்டத்தில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை இணுவிலில் 1898இல்தான் வந்தது. அதற்குள் அவர் காலமாகிப் பதினான்கு வருடங்கள் கடந்துவிட்டன.

அவருடைய சொந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1857இல் அமெரிக்கா போனவர் அங்கே மார்கிரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து 1862இல் மனைவியோடு திரும்பி வந்தார். பிள்ளைகளும் பிறந்தார்கள். உடல்நிலை கெட்டதால் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். அதற்குள் அவரிடம் படித்து வெளியேறிய வைத்தியர்கள் அறுபது பேருக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழில் படித்தவர்கள்.

ஊருக்குப் போன பிறகும் அவர் வேலையை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் மொழிபெயர்த்த தாள்கள் கப்பலில் வூஸ்ரர் போகும். அவர் திருத்தியவை கப்பலில் திரும்பி வரும். ஒரு சொல் சரியா பிழையா என்று கேட்டுப் பதில் பெற மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மனுஷ சுகரணம் என்ற உடற்றொழிலியல் நூல் இப்படித்தான் 1883இல் வெளிவந்தது. ஒரு குறுஞ்செய்திக்கு ஐந்து நிமிடம் பதில் வராவிட்டால் பொறுமை இழந்துவிடும் நாங்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். மறுவருடம், 1884 மே மாதத்தில், அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவமும் தம் மதமும் கொண்டு சென்றவர் என்பதைத் தம் கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். வூஸ்ரரில் உள்ள அந்தக் கல்லில் தமிழர் என்ற சொல் ஆங்கில எழுத்தில் இன்றும் இருக்கிறது.

அவர் தொடங்கிய தமிழ் மருத்துவக் கல்வி அவருக்குப் பிறகு நீடிக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அரசாங்க அங்கீகாரம் இருந்தது. மருத்துவம் வேகமாக வளர்ந்தது. புதிய கண்டுபிடிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. தமிழில் மட்டும் படித்தவர் அவற்றை எட்டிப் பிடிப்பது கஷ்டம் என்று அன்றைக்குச் சொன்னவர்களின் நியாயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். எனக்கே மருத்துவ பீடம் கிடைத்தால் ஆங்கிலத்தில்தான் படிப்பேன், படிக்கவும் வேண்டும். ஆனால் படித்ததை நோயாளியிடம் திருப்பிக் கொடுக்கும்போது அவருடைய மொழியில் கொடுக்க வேண்டும். அது தமிழாகவும் இருக்கலாம், சிங்களமாகவும் இருக்கலாம். புத்தளத்தில் நிற்கும் தமிழ் டொக்டரிடம் ஆனமடுவிலிருந்து ஒரு சிங்களத் தாய் வந்தால், உம்மம்மா தலையாட்டியது போல அவரும் தலையாட்டிவிட்டுப் போகக்கூடாது. எங்கள் கல்லூரியில் இரண்டாம் மொழிப் பாடத்தை ஏனோதானோ என்று படிக்கும் உயிரியல் பிரிவுத் தோழியர் இதைக் கவனிக்க வேண்டும்.

கிறீனும் மாணவர்களும் கலைச்சொற்களைப் பட்டியலிட்டு அகராதி போல அச்சிட்டதும் உண்டு. அதைப் பார்த்து நானும் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறேன். அவர்கள் எழுதியது புத்தகச் சொல். நான் எழுதுவது எங்கள் வீட்டிலும் அயலிலும் வருத்தம் வந்தால் சொல்லும் சொல்: நெஞ்செரிவு, வயிற்றுப் பொருமல், கால் உளைவு, உடம்பு காந்தல், தலைச்சுற்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் உண்மையில் என்ன உணர்ந்தார் என்று கேட்டு எழுதுகிறேன். இலகுவான வேலையல்ல. விறைப்பு என்ற ஒரு சொல்லோடு மூன்று வாரமாக இருக்கிறேன். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்தால் அது ஆபத்து; முள் குத்தினாலும் தெரியாமல் ரணமாகிவிடும். உம்மம்மா கால் விறைக்கிறது என்று சொன்னால் அது மரத்துப்போதலா, குளிரா, மடக்க முடியாத இறுக்கமா? கேட்கும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றைச் சொல்கிறார். நேற்றுக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். தொட்டது தெரிந்ததாம், எந்த விரல் என்றுதான் தெரியவில்லையாம். அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியையும் கொண்டு போவோம். அதற்குள் அந்தப் பக்கத்தைச் சிங்களத்தில் எழுதித் தருவதாக எங்கள் சிங்கள ஆசிரியை சொல்லியிருக்கிறார்.